பாக்கியமேரி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள்

பாக்கியமேரி எனக்கு என்ன உறவு என்று கேட்டால் கொஞ்சம் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். என் பெரியம்மா மகன் சவரிமுத்துவின் நடுப் பெண்ணைப் பாலக்கரையில் கட்டிக்கொடுத்தோம். அந்த வீட்டுக் கடைக்குட்டிப் பையன் இளவரசன், காந்தி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். அவன் பொண்டாட்டிதான் பாக்கியமேரி. இதைச் சுருக்கி எனக்கு மருமகள் முறை என்று சொல்லிவிடலாம். சுருக்கினால் பாலக்கரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது இரண்டு. ஒன்று குரல். அது அப்பா வழி. அவர் வெங்காய மண்டியில் ஏலம் கூவியவர். வீட்டில் உட்கார்ந்து “தண்ணி கொண்டா” என்றால் பக்கத்துத் தெருவில் யாராவது சொம்போடு எழுந்திருப்பார்கள். இன்னொன்று கண். அது அம்மா வழி. அந்த அம்மாள் மீன் நறுக்கும்போது தலையைத் தூக்கவே மாட்டாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் பூனை எந்த மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தனக்குக் குரல் இருப்பது பாக்கியமேரிக்குத் தெரியும். ஊரே சொல்லியிருக்கிறது. கண் இருப்பது மட்டும் ரொம்ப நாள் தெரியாது. அது தெரியாமல் போனதால் அவள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் அவளுக்கு இஸ்திரி வண்டி. தலைக்கு மேலே ஒரு புங்கமரம். வண்டியின் கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி, தேய்த்த துணியை அதில் மாட்டிவைப்பாள். தெருவின் இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையை வீசி, எதையாவது வாயில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினால் நேராக அவள் வண்டிக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். கிரிக்கெட், நொண்டி, ஐஸ்பாய், என்னவோ ஒன்று, இருட்டுகிற வரைக்கும்.

இடம் இல்லாமலா அங்கே வந்தார்கள் என்றால், கணக்குக்கு நிறைய இடம் இருந்தது. ஃபிளாட்டின் கீழே கார் நிறுத்துகிற இடம் பெரிதாக இருந்தது. அங்கே ‘இங்கு விளையாடக் கூடாது’ என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பலகையைப் பந்து பட்டு உடைக்காமல் இருக்க அதற்குக் கம்பிவலையும் போட்டிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு பார்க் இருந்தது. அதில் சறுக்குமரம் தகரத்தில் செய்தது. வெயிலில் தோசைக்கல் மாதிரி காயும், சூடு ஆறுகிற நேரத்துக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் கையை வீசி நடக்கிற வேகத்தில் பிள்ளைகள் குறுக்கே ஓட முடியாது. கோயில் பக்கத்துத் தேர் வீதிகள் என்னவோ அகலம்தான். ஆனால் தேர் ஓடுகிற அன்றைக்கு மட்டும்தான் அந்த அகலம் கண்ணுக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் வெளியூர் கார். மிச்சம் இருந்தது, தெருவின் பாதியில், வீடுகளுக்கு இடையே கம்பிவேலி போட்டுப் பூட்டின ஒரு காலி மனை. அதன் சொந்தக்காரர் கலீம், குவைத்தில் இருக்கிறார். சாவி அவர் தங்கை சம்ரீன் வீட்டில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

பிள்ளைகளோடு பாக்கியமேரிக்கு ஒரு பகையும் இல்லை. பகை பந்தோடுதான்.

அவளுடைய பெரிய வாடிக்கை ஒரு நர்ஸிங் ஹாஸ்டல். அங்கே படிக்கிற பெண்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் வெள்ளிக்கிழமை துவைத்து வரும், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தேய்த்துக் கொடுக்க வேண்டும். மடிக்கக் கூடாது. மடித்தால் கோடு விழும், கோடு விழுந்தால் வார்டன் அமலராணிக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு கோட்டும் ஹேங்கரில் ஏறிக் கயிற்றில் தொங்கும். வெள்ளை வெளேரென்று வரிசையாக, தெருவுக்கே தோரணம் கட்டின மாதிரி இருக்கும். சாக்கடை ஓரத்தில் விழுந்து எழுந்த ரப்பர் பந்துக்கு அதைவிட நல்ல இடம் ஏது? ஒரு சனிக்கிழமை ஒரு கோட்டின் பாக்கெட்டுக்கு மேல் வட்டமாக முத்திரை விழுந்தது. அடுத்த மாதம் இன்னொன்று, முதுகில்.

அமலராணி சத்தம் போடுகிற ரகம் இல்லை. ஸ்கூட்டியில் வந்து இறங்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“மேரி, இது என்ன?”

“பந்து மேடம்.”

“இன்னும் ஒரு தடவை ஹாஸ்டல் துணியில கறை பட்டுச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மெஷின் லாண்டரி வந்திருக்கு. கண்ணாடிக் கதவுக்கு உள்ள வச்சுத் தேய்க்கிறாங்களாம்.”

அவர் போனபிறகு பாக்கியமேரி தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். காக்கைகள் பறந்தன. பிள்ளைகள் பறக்கவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது. சம்ரீன் மகள் ஆலியா, பத்து வயதுதான் இருக்கும், அந்தத் தெருவின் வேகப்பந்து, “ஆன்ட்டி, லாஸ்ட் ஓவர். முடிச்சுட்டுப் போயிடறோம்” என்றாள். அந்தக் கடைசி ஓவர் இருட்டுகிற வரை நடந்தது.

கயிற்றை இடம் மாற்றினால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். மரம் இருக்கிற பக்கம்தானே கயிறு கட்ட முடியும். அந்தப் பக்கம்தான் தேய்க்கிறவள் முகமும் இருந்தது. தேய்த்த வெள்ளையைத் தானே நிமிர்ந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு ஒரு ஆசை. அது கல்யாண வீட்டுக்காரர்கள் தாங்கள் போட்ட பந்தலைப் பார்க்கிற மாதிரி.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்தாள். பிள்ளைகள் எதற்காகத் தன் வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டால் போய்விடுவார்கள். அப்படித்தான் யோசித்தாள்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது கரியை. அப்போது கரிப்பெட்டியில்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோணியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து ஃபிளாட் சுவரில் மூன்று கோடு கிழித்தால் ஸ்டம்ப். தரையில் கிழித்தால் நொண்டிக் கட்டம். ஃபிளாட் செயலாளர் சிவசங்கர் சார் சுவரைக் காட்டி இவளைத்தான் கேட்பார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கேள்வியெல்லாம் குறுக்கு விசாரணை மாதிரியே வரும்.

“கரி உன்னோடதா இல்லையா?”

“என்னோடதுதான் சார். கோடு என்னோடது இல்ல.”

இளவரசனைப் பிடுங்கி எடுத்து, கேஸில் சூடாகிற பெட்டி ஒன்று வாங்க வைத்தாள். கரிக்கோணி வீட்டுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். கரி இல்லை. ஆலியா எங்கிருந்தோ ஒரு செங்கல் துண்டைக் கொண்டுவந்தாள். ஸ்டம்ப் கறுப்பிலிருந்து சிவப்பானது. ஆட்டம் அதே இடத்தில் நடந்தது.

“கேஸ்ல நல்லாருக்கா ஆன்ட்டி? புகையே இல்ல. இப்ப எங்களுக்குக் கண்ணு எரியாது” என்று நன்றி வேறு சொன்னார்கள்.

அடுத்த சந்தேகம் புங்கமரத்தின் மேல். நிழலுக்குத்தான் வருகிறார்கள், நிழல் இல்லாத இடத்துக்குப் போய்விட்டால் யார் வருவார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இளவரசனைக் கூப்பிட்டு வண்டியைத் தெருவின் மறுகோடிக்குத் தள்ள வைத்தாள். அங்கே மொட்டைச் சுவர். மரமும் இல்லை, மட்டையும் இல்லை. தேய்க்கிற துணிக்கு மேலே வெயில், கீழே பெட்டிச் சூடு, நடுவில் அவள். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

இளவரசன் சொன்னான், “புள்ளைங்க போறதுக்கு முன்னாடி நீ போயிடுவ போலிருக்கே, மேரி.”

“ரெண்டு நாள் பொறுங்க. வழக்கம் மாறட்டும்.”

இரண்டு நாள் எங்கே? அன்று சாயங்காலமே ஐஸ்பாய் விளையாட்டில் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுகிற சத்தம் அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் ஒருத்தன் ஒளிந்திருந்தான். வண்டிக்கு அடியில் இரண்டு பேர்.

“இந்த வெயில்ல இங்க என்னடா வேலை? அங்க மரத்தடியில போய் விளையாடுங்களேன்.”

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிவசங்கர் சாரின் பேத்தி கலைமதிதான் பதில் சொன்னாள். “இங்க பால் நல்லா எம்புது ஆன்ட்டி.”

அது பொய் என்று பாக்கியமேரிக்குத் தெரியும். அந்தக் கோடியில் ரோடு குண்டும் குழியும். பந்து ஒரு பக்கம் போட்டால் இன்னொரு பக்கம் போகும். அதே பெண் அடித்த பந்துதான் போன மாதம் சிவசங்கர் சார் காரின் பின்கண்ணாடியில் கீறல் விட்டது. தாத்தாவுக்கு இன்னும் அது யார் என்று தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும். பாக்கியமேரிக்கும் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவளே யோசித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வண்டி மறுபடி புங்கமரத்தடிக்கு வந்தது. பிள்ளைகளும் வந்தார்கள். “நல்லவேளை ஆன்ட்டி, அங்க ரொம்ப வெயில்” என்றார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மணப்பாறையில் எங்கள் வீட்டுக் கல்யாணம் வந்தது. சவரிமுத்துவின் கடைசிப் பெண்ணுடைய மகள். பாக்கியமேரிக்கு அது நெருங்கின உறவு, போகாமல் இருக்க முடியாது. வாடிக்கைத் துணியெல்லாம் தேய்த்துக் கொடுத்துவிட்டு, வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு வந்துவிட்டாள். கல்யாண வீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“காதுல பந்து சத்தம் இல்லாம எவ்வளவு சொகமா இருக்கு தெரியுமா?” என்றாள். சொல்லிக்கொண்டே, பந்தலுக்கு வெளியே ஓடின யாரோ ஒரு பையனைப் பார்த்து, “ஏய், அந்தப் பக்கம் கிணறு” என்று கத்தினாள். மேளக்காரர் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார். அந்தப் பையன் அவளுக்கு உறவும் இல்லை, முன்பின் பார்த்ததும் இல்லை.

ஊர் திரும்பி வண்டியின் தார்ப்பாயை அவிழ்க்கும்போது சம்ரீன் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகின விதத்திலேயே சண்டை தெரிந்தது.

“எங்கக்கா போனீங்க? சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

“மணப்பாறைல கல்யாணம்மா. உன் துணிதான் அன்னிக்கே குடுத்துட்டேனே.”

“துணிய யாரு கேட்டா? புள்ளைய எங்க விடறது?”

“எந்தப் புள்ளைய?”

“என் புள்ளையத்தான். வீட்டுக்குள்ளயே கிரிக்கெட். ஃபேன் றெக்கை வளைஞ்சு போச்சு. இப்ப சுவிட்சைப் போட்டா ஹெலிகாப்டர் எறங்கற மாதிரி இருக்கு. மாமியார் எழுந்து வெளிய ஓடறாங்க.”

“வெளிய அனுப்ப வேண்டியதுதானே? தெருவ நானா சுருட்டி எடுத்துட்டுப் போனேன்?”

“நீங்க இல்லாம எப்படிக்கா அனுப்பறது?”

பாக்கியமேரிக்குப் புரியவில்லை. அதற்குள் எதிர் ஃபிளாட்டிலிருந்து இன்னொரு அம்மா வந்தாள். அவள் பையன் சோபாவிலிருந்து குதித்ததில் அடுத்த வீட்டுக்காரர்கள் போலீஸைக் கூப்பிடப் போனார்களாம். மூன்றாவதாக ஒருத்தி மாடியில் நின்றபடியே, “லீவு போடறதா இருந்தா முன்னாடியே சொல்லணும்ல?” என்றாள். தேய்க்கக் கொடுத்த துணியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

“நான் இருந்தா மட்டும் என்னங்க? நான் எங்க பாக்குறேன் உங்க புள்ளைங்கள? என் கண்ணு துணியில இருக்கு.”

சம்ரீன் இடுப்பில் கை வைத்தாள். “போன வாரம் ஆலியா பந்து பின்னாடி மெயின் ரோட்டுக்கு ஓடுனப்ப யாரு கத்துனா? எனக்கு மாடியில குக்கர் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு.”

“அது... கண்ணுல பட்டுச்சு.”

“சேமியா ஐஸ் விக்க வந்தவன் புள்ளைங்ககிட்ட வாய் குடுத்தப்ப?”

“அவன் மூஞ்சி சரியில்ல.”

“அந்தக் குட்டிப்பய முழங்கால் பேத்துக்கிட்டு அழுதப்ப?”

“அழுதான், தண்ணி ஊத்துனேன். அதுக்கு?”

“அதுக்குத்தான். ‘அயர்ன் ஆன்ட்டி மூஞ்சி தெரியற எடத்துல விளையாடு, அதைத் தாண்டிப் போனா கால ஒடிப்பேன்’னு சொல்லித்தான் நாங்க அனுப்பறோம். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அதான் பேச்சு. உங்களுக்குத் தெரியாதா?”

கரியும் இல்லை, நிழலும் இல்லை, தான்தான் காரணம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னை விட்டுத் தானே எங்கே தள்ளிப்போவது?

வீட்டில் சோறு போடும்போது இளவரசனிடம் சொன்னாள். அவன் ரசத்தைக் கீழே விட்டுச் சிரித்தான். “வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுத்திருக்காங்க. எடுத்த ஆளுக்கு மட்டும் சொல்லல.”

“சிரிக்காதீங்க. நாளைக்கு சனிக்கிழமை, வெள்ளைத் துணி தொங்கும். அந்த மேடம் விரலைச் சொடுக்கினா வாடிக்கை போயிடும்.”

“அப்ப ஒண்ணு பண்ணு. மூஞ்சி தெரியற எடத்துலதானே விளையாடச் சொல்லிருக்காங்க? மூஞ்சியத் திருப்பிக்க.”

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். இவள் மறுநாளே செய்துவிட்டாள். வண்டியை அப்படியே சுற்றி, மரமும் கயிறும் முதுகுக்குப் பின்னால் வரும்படி நிறுத்திக்கொண்டாள். இப்போது அவள் முகம் ஃபிளாட் வாசலைப் பார்த்து இருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் பழைய இடத்துக்கு வந்தார்கள். மேலேயிருந்து சம்ரீன் குரல் வந்தது. “ஆலியா, அங்க இல்ல. அக்கா மூஞ்சி பாக்குற பக்கம் போ.” ஸ்டம்ப், மட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் அவளைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. வெள்ளைத் துணிக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பந்து இரண்டு தடவை சிவசங்கர் சார் கார் மேல் விழுந்தது.

அவர் காலையில் வந்தார். “ஏம்மா பாக்கியம், இத்தனை வருஷமா நீ அந்தப் பக்கம்தானே பாத்துக்கிட்டு நின்ன?”

“ஆமா சார்.”

“இப்ப எதுக்கு இந்தப் பக்கம் திரும்பின?”

“கழுத்து வலி சார்.”

“பழையபடி அந்தப் பக்கமே திரும்பிக்கயேன். என் கார் நிக்குது.”

அவர் சொன்னாரே என்று மேற்கே கொஞ்சம் திருப்பினாள். மேற்கு வீட்டில் அவரைக்காய்ப் பந்தல் போட்டிருந்தார்கள், அந்த அம்மாள் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். கிழக்கே திருப்பினால், அங்கே டியூஷன் நடத்துகிற டீச்சர். “பிள்ளைங்க ஜன்னலையே பாக்குதுங்க, அல்ஜீப்ரா ஏறவே இல்ல, கொஞ்சம் வேற பக்கம் பாருங்களேன்.” அந்த வாரம் முழுக்கத் தெருவில் பேச்சு இதுதான், பாக்கியம் இன்றைக்கு எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று. காலையில் பால் வாங்க வருகிறவர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள். தன் வீட்டைப் பார்த்து நின்றால் முகம் சுருங்கும். அடுத்த வீட்டைப் பார்த்து நின்றால், “என்ன பாக்கியம், நல்லா இருக்கியா?” என்று குசலம் விசாரிப்பார்கள்.

சிவசங்கர் சார் மறுபடி வந்தபோது அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “உங்க ரங்கநாதரே தெக்க மட்டும்தான் பாக்குறாரு. யாராவது போய் ‘கொஞ்சம் வடக்க பாரும்’னு கேக்குறீங்களா? என்னை மட்டும் பம்பரம் மாதிரி சுத்த விடறீங்களே, நியாயமா சார்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவர் படுத்துக்கிட்டுப் பாக்குறார்மா. உனக்கு அந்த வசதி இல்லையே.”

“அப்ப யாருக்கும் தொந்தரவு இல்லாத பக்கம் ஒண்ணு சொல்லுங்க. அங்க பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

இரண்டு பேரும் தெருவைச் சுற்றிப் பார்த்தார்கள். கார், அவரைப் பந்தல், அல்ஜீப்ரா. அப்புறம் புங்கமரத்துக்கு நேர் எதிரே, கம்பிவேலிக்குள்ளே, ஆளில்லாமல் புல் மண்டிக் கிடந்த கலீமின் மனை. அதைப் பார்த்து வண்டியைப் போட்டால் மரமும் கயிறும் முதுகுப் பக்கம் போய்விடும். முன்னால் வெறும் மண்ணும் மூன்று பக்கம் சுவரும்தான்.

இரண்டு பேரும் சம்ரீன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

“சாவியா?” என்றாள் சம்ரீன். “அண்ணன் என்னைக் கொன்னுடும். திறந்து வச்சா ஊர்க் குப்பை எல்லாம் உள்ள வரும். பாம்பு வேற இருக்கும்க்கா.”

“பாம்பு இருந்தா என் சத்தத்துக்கே கொள்ளிடம் தாண்டிப் போயிடும். உங்கண்ணனுக்குப் போனைப் போடு.”

கலீம் திரையில் வந்தார். பின்னால் குவைத் வெயில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “புள்ளைங்க அடிபட்டா யாரு பதில் சொல்றது? யாரு பாத்துக்கறது?”

சம்ரீன் போனைப் பாக்கியமேரி பக்கம் திருப்பினாள். அவளுக்கு வீடியோவில் பேசிப் பழக்கமில்லை. குவைத் தூரமாயிற்றே என்று அதற்குத் தகுந்த மாதிரி சத்தம் போட்டாள். “நான் பாத்துக்கறேன் தம்பி.”

கலீம் போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். “சம்ரீன், போனை வச்சுடு. அவங்க பேசறது நேராவே கேக்குது. சாவியக் குடு.”

‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டதை அவள் படி இறங்கும்போதுதான் கவனித்தாள். சொன்னது சொன்னதுதான்.

இளவரசன் குட்டியானையில் ஆளைக் கூட்டிவந்து புல்லைச் செதுக்கிக் கொடுத்தான். பாம்பு ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் பந்து. பல வருஷமாக வேலி தாண்டிக் காணாமல்போன பந்துகள், பச்சையும் சிவப்பும் வெளுத்துப்போனதுமாக ஒரு வாளி நிறைய. பிள்ளைகள் புதையல் எடுத்த மாதிரி கத்தினார்கள். வண்டி மனை வாசலுக்கு நேரே நின்றது. முகம் உள்ளே பார்த்து, முதுகுக்குப் பின்னால் மரம், மரத்தில் கயிறு, கயிற்றில் வெள்ளை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மழை ஒரு பாட்டம் பெய்து விட்டது. மனை சேறு. தார்ப்பாய்க்கு அடியில் காப்பாற்றி வைத்த கோட்டுகளை மழை விட்டதும் கயிற்றில் மாட்டிவிட்டு, சேற்றில் ஆடினால் பந்து எம்பாது என்று நினைத்துப் பாக்கியமேரி நிம்மதியாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் காயும் முன்னே அமலராணி ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். கோட்டைத் தானே பார்த்து வாங்கிப் போகலாம் என்று வந்திருக்கிறார். அவரும் வெள்ளைப் புடவைக்காரர்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், கயிற்றுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு ஹேங்கராகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

உள்ளே ஆலியா ஓடிவந்து பந்தை வீசினாள். கலைமதி மட்டையைச் சுற்றினாள். பந்து நேராக வந்து, பாக்கியமேரியின் தலைக்கு மேலே, வண்டிக் கூரைக்கு மேலே, போயே போய்விட்டது. பின்னால் ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பெட்டியை ஒரே இடத்தில் வைத்தால் துணி தீய்ந்துவிடும் என்று கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. ஆலியா வாசலைத் தாண்டி ஓடிவந்து வண்டிக்குப் பின்னால் பாய்ந்தாள், பந்தோடு எழுந்தாள். “அவுட், அவுட். கீழ விழல. புடிச்சிட்டேன்.”

“பொய். கீழ பட்டுச்சு” என்றாள் கலைமதி மட்டையோடு.

“படல.”

“பட்டுச்சு. அயர்ன் ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க.”

பாக்கியமேரி தலையைத் தூக்கவில்லை. வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. “மேடத்தோட செருப்புக்குப் பக்கத்துல ஒரு தரம் எம்பிச்சு. அவுட் இல்ல.”

ஆலியா முனகிக்கொண்டு போனாள். அப்புறம் பின்னாலிருந்து அமலராணியின் குரல் வந்தது.

“மேரி. நீ திரும்பவே இல்லையே.”

இப்போது திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பினாள். முதலில் பார்த்தது கோட்டுகளை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பால் மாதிரி இருந்தன. அப்புறம்தான் வார்டனைப் பார்த்தாள். அவர் தோளில், புடவை மடிப்புக்கு நடுவே, வட்டமாக, சேறு சொட்டச் சொட்ட ஒரு முத்திரை.

“நான் உங்கிட்ட என்ன சொல்லியிருந்தேன்?”

“ஹாஸ்டல் துணியில இன்னொரு தடவை கறை பட்டா வேற ஆளைப் பாத்துக்குவேன்னு சொன்னீங்க மேடம்.”

“இது என்ன?”

“இது உங்க புடவை மேடம். ஹாஸ்டல் துணி பின்னாடி சுத்தமா இருக்கு. நீங்க சரியான நேரத்துக்கு வந்து நடுவுல நின்னீங்க. இல்லன்னா போயிருக்கும்.”

அமலராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அது எத்தனை நேரம் துடைத்தாரோ, பாக்கியமேரிக்கு வருஷம் போன மாதிரி இருந்தது. மனைக்குள்ளே பிள்ளைகளும் அப்போதுதான் சேற்று முத்திரையைப் பார்த்து, சிலை மாதிரி நின்றார்கள். மறுபடி கண்ணாடியைப் போட்டபோது வார்டனின் உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் கோணும்.

“கயித்தை மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிக் கட்டு. நான் வாரா வாரம் வந்து குறுக்க நிக்க முடியாது.”

“நாளைக்கே கட்டிடறேன் மேடம்.”

“இந்தப் புடவையும் திங்கக்கிழமை வரும்.”

“பளபளன்னு குடுக்கறேன்.”

கோட்டுகளை எடுத்து ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பின பிறகும் அவர் போகவில்லை. மனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது.

“மேரி, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வண்டி போடுவியா?”

“பூசை முடிஞ்சு வந்து போடுவேன். ஏன் மேடம்?”

“எங்க முதல் வருஷப் பொண்ணுங்க ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்குதுங்க. எல்லாம் போனும் கையுமா கிடக்குதுங்க. ஷட்டில் மட்டை வாங்கி வச்சிருக்கோம், ஆட எடமில்ல. தனியா எங்க அனுப்பறதுன்னு பாத்தேன்.” மனை வாசலிலிருந்து இஸ்திரி வண்டி வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். “நீ எத்தனை மணி வரைக்கும் நிப்ப?”

“மேடம், நான் துணி தேய்க்கத்தான் நிக்கிறேன்” என்றாள் பாக்கியமேரி. தெருவுக்கே கேட்டது.

“ஆமா, ஆமா. அது தெரியும்” என்று சொல்லிவிட்டு அமலராணி போய்விட்டார்.

பாக்கியமேரி இதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மனைக்குள்ளே ஒரு மூலையில் பிள்ளைகள், இன்னொரு மூலையில் நர்ஸிங் பெண்கள் நான்கைந்து பேர், மேலே போன இறகுப் பந்துக்கு அண்ணாந்து கத்திக்கொண்டு. “எல்லாரும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க பாருங்க. நானா பாக்குறேன் இதுங்கள? என் கண்ணு துணியில இருக்கு” என்று அலுத்துக்கொண்டாள். அந்தப் பெண்கள் நின்ற மூலை வண்டிக் கம்பத்துக்குப் பின்னால் கொஞ்சம் மறைந்திருந்தது. பேச்சை நிறுத்தாமல், சட்டைக் காலரில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியையும் நிறுத்தாமல், இடது முழங்காலால் வண்டியை ஒரு தள்ளுத் தள்ளினாள். வண்டி கொஞ்சம் நகர்ந்தது. கம்பம் விலகி, அந்த மூலையும் தெரிந்தது.